தொடாதீர்கள்

முதுகலை மாணவர்களுக்கு அருங்காட்சியகக் கண்காட்சி அமைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் விசாலாக்ஷிக்கு உலகம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு கல்லூரிக்கு வெகுகாலமாகப் போய்வருகிறாள். எந்தப் பொருள் எந்த உயரத்தில், குறிப்பு அட்டையில் எவ்வளவு எழுத்து, எல்லாம் விரல்நுனியில். ஆனால் போன வருஷம் ஜெனிதா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பிள்ளைகள் இவள் வகுப்பில் கொட்டாவி விடுகிறார்கள். அவள் வகுப்பிலோ மணி அடித்தும் எழுந்திருப்பதில்லை. பொறுக்குமா?

"ஆத்துக்கு வந்தும் அவ பேச்சுதானா?" என்று கணவர் ஸ்ரீரங்கன் சலித்துக்கொண்டார்.

"நேத்திக்கு வந்தவ என்னைத் தூக்கிச் சாப்பிட்டுண்டிருக்கா. உங்களுக்கென்ன தெரியும்!"

இந்த வருஷம் விஷயம் முற்றியது. மாணவர்கள் விசாலாக்ஷிக்கு ஒன்று, ஜெனிதாவுக்கு ஒன்று என்று இரண்டு அணியாகக் கண்காட்சி வைக்க வேண்டும். யார் அணி ஜனங்களை நிற்கவைக்கிறதோ அவருக்கே இனி இந்தப் பாடம் என்று துறைத்தலைவர் முருகையன் சொல்லிவிட்டார். பாடம் போனால் விசாலாக்ஷிக்கு மிஞ்சுவது பரீட்சை மேற்பார்வைதான்.

அவள் அணி பழைய விளக்குகளைக் கண்ணாடிக்குள் வைத்தது. கொலு பார்க்க வந்தவர்கள் மாதிரி ஜனங்கள் எட்ட நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். இங்கே சுண்டலும் கிடையாது. ஜெனிதா பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் அணி வலையையும் மீன்கூடையையும் மேசைமேல் பரப்பி, "எடுத்துப் பாருங்க" என்றது. ஆளாளுக்குக் கூடையைத் தலையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். திருவிழாக் கூட்டம்.

மத்தியானம் அந்த அணி சாப்பிடப் போயிருந்தது. விசாலாக்ஷி தன் பக்கமிருந்த 'தொடாதீர்கள்' பலகையைத் தூக்கி அந்த மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார்கள், போனார்கள். பாவி மனசு குளிர்ந்தது.

திரும்பி வந்த பிள்ளைகள் கொதித்தார்கள். "யாரு வெச்சது இத?"

"விசாலாக்ஷி மேடம்தான். நான் பாத்தேன்" என்றான் விசாலாக்ஷி அணியிலிருந்த சுஹாஸ்.

விசாலாக்ஷி தன் விளக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெனிதா பலகையைப் பார்த்தாள், வெறிச்சோடிய மேசையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சூப்பர் மேடம்! தொடாதன்னு சொன்னா ஜனம் நிக்காதுன்னு ஒரு வருஷமா நானும் சொல்லிக்கினுதான் கீறேன், இதுங்க மண்டைல ஏறவே இல்ல. நீங்க ஒரே ஒரு பலகைய வெச்சுப் புரிய வெச்சிட்டீங்க!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். பார்வையிட வந்த முருகையன், "இதுதாம்மா பாடம்! இனிமேலும் நீங்களே எடுங்க" என்றார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் ஜெனிதா.

விசாலாக்ஷி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் கபடமே தெரியாத அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, இப்படி ஒரு மனசு தனக்கில்லாமல் போயிற்றே என்று அவளுக்கு வயிறு பற்றியெரிந்தது.