எஞ்சின் நம்பருக்கு முன்னால்

கடலூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடையாது. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் அபுதாபிக்கும் போய்விட்டார்கள். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்த்தேன். மீதி நேரமெல்லாம் எங்கெங்கோ நாடுகளில் இருக்கும் முகம் தெரியாத கார் பைத்தியங்களோடு இணையக் குழுவில் கார்புரேட்டர் பற்றிச் சண்டை. அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், இந்தக் காரை நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல மாமா."

"பொண்ணையே பார்க்காம ஜாதகம் பார்க்குற நீ" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்.

பழைய கார் அசலா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் இணையத்தில் போட்டிருந்த அறிவிப்புக்கு ஒரே ஒரு அழைப்புதான் வந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு ரிட்டையரான கணக்கு டீச்சர். அவர் பேசி முடிப்பதற்குள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். வாசல் கேட்டைத் திறந்தவர் காபி தருவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்தார். கல்யாணமான புதிதில் அவர் கணவரிடம் இங்கிலாந்தில் செய்த இரண்டு இருக்கை கார் ஒன்று இருந்ததாம். திறந்த கூரை, வெள்ளை நிறம். பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. பிள்ளைகள் பிறந்ததும் விற்றுவிட்டார். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதே காரைத் தேடக் கிளம்பினார். பழைய ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். கடைசியில் திட்டக்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக் கொட்டகையில் கிடந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது வந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

"நான் அதுல இன்னும் உக்காரல தம்பி" என்றார் டீச்சர். "எவனோ ஒரு புரோக்கர் அவுங்க தலையில கட்டிட்டான்னுதான் நெனைக்கிறேன். அதே காருன்னா இருக்கட்டும். இல்லன்னா காயலான் கடைக்குப் போன் போட்டுடுவேன். ஏமாந்துபோய்ச் செத்தாங்களான்னு எனக்குத் தெரியணும்."

நான் பெரிய நிபுணன் மாதிரி தலையாட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தார்ப்பாயை இழுத்தேன். திரையில் நூறு தடவை பார்த்த அந்த முன்பக்கம், இப்போது எலிப்புழுக்கை வாசனையோடு எதிரே நின்றது. வேகவேகமாக ஆரம்பித்தேன். கம்பிச் சக்கரங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் அவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிக்கி மூடியில் நான்கு ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். மேலே சாமான் வைக்கும் கம்பிச் சட்டம் இருந்த இடம். கால் வைக்கும் இடத்தில் ஹீட்டர் இருந்ததற்கான தடம்.

"ஹீட்டரா? அனல் அடிக்கிற பொட்டியா? நம்ம ஊருக்கு எதுக்கு அதுன்னு நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் இவ்வளவும் இருக்கும் கார்கள் உலகத்தில் ஏராளம். சேஸிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடம் துருவில் உதிர்ந்துபோயிருந்தது. மிச்சம் எஞ்சின் நம்பர்தான்.

"எஞ்சினை எப்பவாவது மாத்தினாங்களா டீச்சர்?"

"மாத்தல. ஒருவாட்டி ரிப்பேர் பண்ணாங்க."

எஞ்சின் மேல் வெள்ளி பெயின்ட் கெட்டியாகப் படிந்திருந்தது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். எண்கள் தெரிந்ததும் அவற்றின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வார்களே, அது மாதிரி. டீச்சர் எடுத்துவந்த ஆர்.சி. ஜெராக்ஸோடு ஒப்பிட்டேன். ஒரு எண்கூட மாறவில்லை.

கத்தியிருப்பேன். ஆனால் எண்களின் வடிவம் சரியில்லை. தொழிற்சாலையில் அடித்தால் வரிசை நேராக இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். உடனே பதில் வந்தது: பின்னால் அடித்த நம்பர், ஒதுங்கிவிடு.

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நம்பர் சரியா இருக்குது டீச்சர். ஆனா இது கம்பெனி அடிச்சது இல்ல. பின்னாடி யாரோ கையால அடிச்சிருக்காங்க. உங்க சார் ஜெராக்ஸை எல்லா புரோக்கர்கிட்டயும் காட்டியிருக்காரு. அதைப் பார்த்து எவனாவது..."

அவர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நம்பருக்கு முன்னாடி ஏதாவது இருக்குதா?" என்றார்.

இருந்தது. உளியால் வெட்டிய ஒரு கீறல். நம்பரில் சேராதது என்பதால் நான் காகிதத்தை அதற்கு இந்தப் பக்கமே வைத்திருந்தேன். அதைப் பற்றி அவரிடம் சொல்லவும் இல்லை.

"பிள்ளையார் சுழி இருக்கும் பாருங்க. வால் கோணலா நீண்டு ஓரம் வரைக்கும் போயிருக்கும். அடிச்சவருக்குக் கை தவறிடுச்சு."

காகிதத்தைத் திரும்ப வாங்கி, இடதுபக்கம் நகர்த்தித் தேய்த்தேன். பென்சில் கறுப்பில் ஒரு உ எழுந்து வந்தது. அதன் வால் விளிம்பில் போய் விழுந்தது.

கார் முதலில் அவர்களிடம் இருந்தபோது, தேவனாம்பட்டினத்துக்குப் போகும் வழியில் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் சூடேறி, நம்பர் இருக்கும் எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டதாம். பட்டறைக்காரர் எங்கிருந்தோ இன்னொரு பிளாக்கைக் கொண்டுவந்து பொருத்தினார். ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டுமே என்று பழைய நம்பரையே அதில் அடித்தார்.

"பட்டறைக்காரர்கிட்ட மொதல்ல சுழி போடுங்கன்னு அவுங்கதான் சொன்னாங்க. பரீட்சை பேப்பரா இது, சுழி போட்டு ஆரம்பிக்கிறதுக்குன்னு நான் சண்டை போட்டேன்."

"அப்ப எஞ்சினை மாத்திட்டாங்க டீச்சர்!"

"நம்பர் அதேதானே?" என்றார், என்னை விநோதமாகப் பார்த்து.

ஜெராக்ஸில் அந்தச் சுழி இல்லை. எந்தப் புரோக்கருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. "அதே கார்தான்" என்றேன்.

அவர் முந்தானையால் இடதுபக்க இருக்கையைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டகைச் சுவர்தான் இருந்தது. அதையே பார்த்தார்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. இந்த மாதிரி ஒரு ஸ்டியரிங்கை ஒரு தடவையாவது பிடிக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். சுற்றிவந்து வலதுபக்கக் கதவின் பிடியில் கை வைத்தேன்.

"அங்க வேணாம் தம்பி."

கையை எடுத்துக்கொண்டேன்.

"தார்ப்பாயை நானே போட்டுக்குறேன். நீங்க கெளம்புங்க, பஸ் கூட்டமாயிடும்" என்றார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பென்சில் காகிதம் அவர் மடியில் இருந்தது. கேட்டை நானே சாத்திவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குழுவில் யார் யாரோ கேட்டிருந்தார்கள், அசலா, இல்லையா என்று. எஞ்சின் அசல் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. பாவம் என்று ஒருவன் போட்டான். அந்த உ என்னவென்று அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன்; இரண்டு வரிக்கு மேல் போகவில்லை, அழித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் இயர்போனோடு தூங்கிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளி பெயின்டைச் சுரண்டிக்கொண்டே கடலூர் வந்து சேர்ந்தேன்.