சும்மா நடப்பது எப்படி

இன்று முதல் பால்கார பையா பாலை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறான். மகனின் ஏற்பாடு.

“இந்த வயசுல விடியறதுக்குள்ள பால் பூத் கியூல ஏம்ப்பா நிக்கணும்? தூங்குங்கோ” என்றான் நேற்று.

ராத்திரி சாப்பிடும்போது அவனே சொன்னான்: “டாக்டர் உங்களைத் தினமும் காலைல நடக்கச் சொல்லியிருக்கார்ப்பா.”

“எங்கடா நடக்கறது?”

“எங்கேயும் இல்லே. சும்மா நடங்கோ.”

பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்த நாளிலிருந்து நான் சும்மா எங்கேயும் நடந்ததில்லை.

இன்று காலையும் காலி பாட்டில்களோடு கிளம்பிவிட்டேன். பக்கத்துக் கட்டடத்து நண்பர் கியூவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

வீடு திரும்பினால் இரட்டைப் பால். மருமகள் என் பாலைக் காய்ச்சித் தயிருக்கு உறை ஊற்றினாள்.

சும்மா நடக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த இடம் வந்ததும் திரும்புவீர்கள்?