டேபிளில் ஏறாத வரி

இந்த மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு போட்ட வெள்ளைக்காரத் துரை இன்றைக்கு உயிரோடு இருந்தால், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் காபி கம்பெனி மாடிக்கு ஏறிப் போய், "அம்மணி, சேலத்துக்கு வழி எப்படிங்க?" என்று சாந்தாமேரியிடம்தான் கேட்டிருப்பார். கரடியூர்ப் பக்கம் இறங்குவதா, கோயில் பக்கம் திரும்புவதா என்று மேகங்களே அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்கின்றன. கம்பிக்குள் போகிற சங்கதிக்கு வழி எழுதத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் மொத்தம் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் அவளிடம் சந்தேகம் கேட்கிறவர்கள்.

இந்தப் புகழெல்லாம் 1999 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் அவளுக்கு இருந்த பெயர் வேறு.

சாந்தாமேரி கிளியூர்க்காரி. அப்பா எஸ்டேட்டில் காபிச் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர், அம்மா பழம் பறிக்கிறவள். பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தாள். பிறகு கம்ப்யூட்டர் படிக்க ஆறு மாதம் தினமும் சேலத்துக்குப் போய் வந்தாள். அந்த ஆறு மாதத்தில் வாந்தி எடுக்காமல் அடிவாரத்தில் இறங்கிய நாள் ஒன்றுகூட இல்லை. கண்டக்டர்களுக்கு அவள் முகம் அத்துப்படி. "வாங்க, ஜன்னலோரம் உங்களுக்குத்தான், பின்னாடி சீட்டுல யாரும் உக்காராதீங்க" என்று பஸ் கிளம்பும் முன்பே அறிவித்துவிடுவார்கள். ஒருநாள் ஒன்பதாவது வளைவில், அவசரத்துக்கு வேறெதுவும் கிடைக்காமல், வேலைவாய்ப்பு ஆபீஸ் அட்டையைப் பையோடு சேர்த்து நாசம் செய்தாள்.

அதனால்தான் மலை மேலேயே, கம்ப்யூட்டரோடு ஒரு வேலை கிடைத்தபோது மாதா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். காபி, மிளகு வாங்கி விற்கிற கம்பெனி அது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மூட்டை என்று அவள் ஏற்றுவாள். வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் ஃபிளாப்பி சேலத்துக்கு இறங்கும். ஃபிளாப்பிக்குத் தலை சுற்றாது. மூன்று வருடம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு சேலம் ஹெட் ஆபீஸுக்கு அவசரம் வந்துவிட்டது. தனி டெலிபோன் லைன் எடுத்து, இரண்டு ஆபீஸையும் கம்பியால் கட்டி, அன்றன்றைக்குக் கணக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏற்காட்டு மூட்டைக் கணக்கு சேலத்துத் திரையில் தெரியவில்லை என்றால், கம்ப்யூட்டரையும் அதை ஓட்டுகிற பெண்ணையும் சேலத்துக்கே மாற்றிவிடுவது என்று முடிவாம். அதாவது தினம் இருபது வளைவு இறக்கம், இருபது வளைவு ஏற்றம்.

செவ்வாய்க்கிழமை சேலத்திலிருந்து கோவிந்தராஜ் என்கிற இன்ஜினியர் ரூட்டரைக் கொண்டு வந்தார். தட்டையான ஒரு இரும்புப் பெட்டி. வருகிற தகவலின் விலாசத்தைப் பார்த்து, எந்தக் கம்பியில் தள்ளுவது என்று முடிவு செய்வது அதன் வேலை. அதை டெலிபோன் லைனோடு இணைக்கிற மோடத்தை மேசைக்கு அடியில் வைத்து மாட்டினார், விளக்கு எரிவதைப் பார்த்தார், மூடுபனி இறங்குகிறதே என்று கிளம்பினார். "ஒரே ஒரு ரூட் எழுதணுங்க, நீங்களே போட்டுடலாம்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

தாளில் இரண்டு கேள்வி. எங்கே போக வேண்டும்? அதற்கு யார் கையில் கொடுக்க வேண்டும்? சாந்தாமேரி யோசிக்கவே இல்லை. போக வேண்டியது சேலம் ஆபீஸ். கொடுக்க வேண்டியது அந்த ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டர் கையில். இரண்டு எண்ணையும் அடித்து என்டர் தட்டினாள்.

பெட்டி மறுபேச்சுப் பேசவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. போய்ச் சேருகிறதா என்று சோதித்துப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தால் ஐந்து ஆச்சரியக்குறி வரும். வந்தது ஐந்து புள்ளி.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பட்டியல் இருப்பது புதன்கிழமைதான் அவளுக்குப் புரிந்தது. நாம் எழுதிக் கொடுத்தது ஒன்று. இந்த நிமிடம் நம்பி நடக்கலாம் என்று பெட்டி தானாக ஏற்றுக்கொண்டது இன்னொன்று. அதன் பெயர்தான் ரூட்டிங் டேபிள். முதல் பட்டியலில் அவள் எழுதிய வரி பத்திரமாக இருந்தது. டேபிளில் இருந்தது இரண்டே வரி: சொந்த ஆபீஸ், சேலத்துக்குப் போகிற கம்பி. கையால் எழுதிய வழிக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து நிற்க வேண்டும். அந்த எஸ்ஸைக் காணோம்.

அழித்து எழுதினாள். அணைத்துப் போட்டாள். மறுபடி எழுதினாள். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டது, ஏற்றுக்கொள்ளவில்லை.

"தப்புன்னா தப்புன்னு சொல்லித் தொலையோணும்! எதுக்கு எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டுது?" என்று அதன் தலையில் ஒன்று வைத்தாள். கைதான் வலித்தது.

போனில் கோவிந்தராஜ், "லைன் நல்லா இருக்குங்க. நீங்க டைப் அடிச்சதுதான் தப்பா இருக்கும்" என்றார்.

"ஏனுங்க, நான் ஹையர் பாஸுங்க. டைப்புல தப்பு வராதுங்க."

"அப்ப பெட்டி பொய் சொல்லுதுங்களா?"

"பொய் சொன்னாக்கூடத் தேவலைங்களே, அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்க!"

வியாழக்கிழமை மேனேஜர் வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் ஆறுதல் சொல்ல வராது. "சேலத்துல ஊடு பார்த்துத் தங்கிக்கலாமே மேரி? எங்க மச்சினிச்சி அஸ்தம்பட்டியிலதான் இருக்கா. வெயில்தான் கொஞ்சம் நொம்ப இருக்கும்" என்றார். அன்று இரவு வீட்டில் யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுந்தாள். தங்கை அமலி, ஒன்பதாவதோடு படிப்பை மூட்டை கட்டியவள், வாய் சும்மா இருக்காமல், "அக்கா, பஸ்ஸுக்கு ஒரு பக்கெட் வாங்கி வெச்சிரட்டுமா?" என்று கேட்டாள். தட்டு பறந்தது. குறி தப்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமலி கொண்டு வந்து வைத்துவிட்டுக் காத்திருந்தும் சோற்றைச் சாந்தாமேரி தொடவில்லை. மூன்று மணி. திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே வயிறு புரண்டது. சேலம் என்று மொத்தமாக நினைத்தால் அவளுக்கு முதல் வளைவிலேயே வந்துவிடும். அதற்கு அவளே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் ஒன்று உண்டு. சேலத்தை நினைக்கக் கூடாது. அடுத்த வளைவு வரைக்கும் போனால் போதும், அங்கே போய் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாதிரி மனசுக்குள்ளேயே ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தவள், பாதி மலையில் நின்றுவிட்டாள்.

தாளை எடுத்துப் பார்த்தாள். யார் கையில் கொடுக்க வேண்டும்?

"சேலத்துக்குப் போறதுக்கு சேலத்துக்கிட்டயே குடுன்னு எழுதி வெச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "அதுக்கு சேலம் எங்க இருக்குன்னே தெரியாது. பாவம், எப்பிடிக் குடுக்கும்?"

பெட்டிக்குத் தெரிந்தது இரண்டே இரண்டுதான்: சொந்த ஆபீஸும் அந்தக் கம்பியும். அப்படியானால் கம்பியின் அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறதே சேலத்து ரூட்டர், அதன் கையில்தான் கொடுக்கச் சொல்ல வேண்டும். கைக்கு எட்டுகிற ஆள் அது ஒன்றுதான். பெரிய கம்ப்யூட்டருக்கு எப்படிப் போவது என்பது அந்த ரூட்டர் பாடு. பழைய வரியை அழித்தாள். இரண்டாவது கேள்விக்குக் கம்பியின் மறுமுனை எண்ணை அடித்தாள். டேபிளைக் கேட்டாள்.

மூன்றாவது வரி. முன்னால் எஸ்.

சோதித்தாள். ஐந்து ஆச்சரியக்குறி. அவள் போட்ட கூச்சலில் கீழே சைக்கிள் கடைக்காரர் பம்ப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

வெங்கடாசலத்தின் அறைக்கு ஓடினாள்; அவர் சேலத்துக்குப் போன் போட்டார். பெரிய முதலாளி நாலரை மணிக்கு சேலத்துத் திரையைத் தானே வந்து பார்ப்பாராம். நாலே காலுக்கு, "எங்கேம்மா, அந்த எஸ்ஸை எனக்கும் ஒரு தடவை காட்டுங்க" என்று மேனேஜர் வந்து நின்றார். சாந்தாமேரி பெருமையாகத் தட்டினாள்.

எஸ் இல்லை.

எழுதிய பட்டியலைப் பார்த்தாள். வரி அங்கே அப்படியேதான் இருந்தது. அழித்து மறுபடி அடித்தாள். வாங்கிக்கொண்டது; ஏறவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன நேரம் இருந்ததுங்க, சத்தியமா இருந்ததுங்க!"

"நான் நம்பறேம்மா. முதலாளி நம்போணுமே" என்றார் வெங்கடாசலம்.

மறுபடியும் அடிக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். டேபிளை மேலிருந்து கீழாகப் படித்தாள். எஸ் மட்டும் போகவில்லை, கம்பியின் வரியும் போயிருந்தது. சொந்த ஆபீஸ் ஒன்றுதான் பாக்கி. அடுத்த வளைவே இல்லாதபோது அதற்கு அப்பால் போகிற வழியைப் பெட்டி எப்படி வைத்துக்கொள்ளும்? அதுதான் தானாகவே எடுத்துவிட்டிருக்கிறது. தப்பு எழுத்தில் இல்லை.

மண்டியிட்டு மேசைக்கு அடியில் பார்த்தாள். மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதன் பிளக் சுவர்ப் பக்கம் அநாதையாகக் கிடந்தது. எடுத்துச் சொருகினாள். விளக்குகள் சிமிட்டி, யோசித்து, ஒரு நிமிடம் உயிரை வாங்கிவிட்டு நிலையாக நின்றன. அவள் எதையும் எழுதவில்லை. டேபிளைக் கேட்டாள். கம்பியின் வரி வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எஸ்ஸும் ஏறியிருந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு சேலத்திலிருந்து போன். வாழவந்தித் தோட்டத்து மூட்டை முப்பத்தொன்று என்று தெரிகிறதாம். கம்ப்யூட்டர் மலையிலேயே இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சாந்தாமேரி நாற்காலியில் சாய்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள்.

அந்தப் பிளக்கைப் பிடுங்கியது யார் என்பது மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியாத மர்மம். மலையில் குரங்குகளின் அட்டகாசம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இதுவரைக்கும் எழுதிய நோட்டை சாந்தாமேரி தங்கையிடமிருந்து பிடுங்கிப் படித்தாள். கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள்.

"ஏண்டி அமலி, கொரங்கு வந்து பிளக்கைப் புடுங்கும், சரி. அதே ஓட்டையில கெட்டில் பிளக்கைச் சொருகி, சக்கரை போடாம சுக்குக் காப்பி வெச்சு, மூடி போட்டு என் மேசை மேல வெச்சுட்டுப் போகுமா?"

"நல்ல கொரங்கா இருந்திருக்கும் அக்கா."

"எனக்கு வயிறு சரியில்லாதப்ப சக்கரை ஆவாதுன்னு அந்தக் கொரங்குக்கு யாருடி சொன்னது?"