ஓர்சோலாவின் நாசித் துளைகள்

2009 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, நண்பகல். இத்தாலியின் பெரூஜியா நகரில், எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தின் பக்க அறையில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

அங்கே ஓர்சோலா படுத்திருக்கிறாள். 1483இல், இளம் வயதில் இறந்தவள். தன் கல்லறையின்மேல் பளிங்குச் சிலையாகக் கிடப்பவள். இறந்தவர் முகத்தில் சுண்ணச்சாந்து பூசி அச்செடுத்து, அதைப் பார்த்துச் செதுக்குவது அக்கால வழக்கம். அவள் நாசியில் இரண்டு ஆழமான துளைகள் இருந்தன. அவற்றைச் சேதமென்று கருதிய சீரமைப்பாளன் துல்லியோ, மறுநாள் அடைக்கவிருந்தான். அடைத்தபின் முகம் எப்படியிருக்கும் என்பதை நான் நீர்வண்ணத்தில் வரைந்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவன் என் பழைய மாணவன்.

“டீச்சர், மூக்கை நல்லா மூடிடுங்க. அந்தம்மாவுக்குச் சளி பிடிக்கப்போகுது.”

“உன் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடப் போடா.”

போனான். துளைகள் இல்லாமலே வரைந்து முடித்தேன்.

நெற்றி உலர்ந்தது. கன்னம் உலர்ந்தது. மூக்கின் கீழே மட்டும் ஈரம். ஒற்றியெடுத்தேன். மீண்டும் ஈரம்.

அந்த இடத்தில் தாள் மெல்ல உப்பியது... தாழ்ந்தது. உப்பியது... தாழ்ந்தது.

கதவு சாத்தியிருந்தது. என் மூச்சுக்காற்றோ? அடக்கிப் பார்த்தேன்.

தாள் நிற்கவில்லை. வேகம் கூடியது.

க்ர்ர்... க்ர்ர்...

யாருக்கோ மூச்சுத் திணறுகிறது. சத்தம் தாளிலிருந்து வரவில்லை.

கல்லிலிருந்து...

ஈரத் தூரிகையால் வண்ணத்தைக் கரைத்தேன். இரண்டு துளைகளையும் கறுப்பாகத் திறந்துவிட்டேன்.

ஸ்ஸ்ஸ்...

நீண்ட உள்மூச்சு. பிறகு, அமைதி.

தாள் உலர்ந்திருந்தது.

துல்லியோ திரும்பி வந்து ஓவியத்தைப் பார்த்தான். “என்ன டீச்சர், திறந்தே வச்சிருக்கீங்க? கண்ணு மங்கிப்போச்சா?”

“அடைக்காதே. அடைச்சா என் கையெழுத்து கிடையாது.”

“காரணம்?”

“சொன்னா சிரிப்பே.”

நான் சொல்வதற்கு முன்பே சிரித்தான். ஆனாலும் வேலையைத் தள்ளிவைத்தான்.

அடுத்த மார்ச்சில் மணிக்கூண்டைச் சுத்தம் செய்தபோது, அவளுடைய சாந்து அச்சு கிடைத்தது. நாசியில் இரண்டு நாணல் குழல்கள் பதிந்திருந்தன. அப்படிக் குழல் வைப்பது, அச்செடுக்கும்போது மூச்சுவிட வேண்டியவர்களுக்கு, உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே.

குழல்களின் வெளிமுனைகள் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தன.

அன்று துல்லியோ சிரிக்கவில்லை. தேவாலயக் குழு கூடி முடிவெடுத்தது: சிலையின் துளைகள் அடைக்கப்படமாட்டா. என் ஓவியம் பக்க அறையிலேயே தொங்கும். அதற்குக் கண்ணாடி போடுவதில்லை.