நம்பர் போட்ட தகரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. டாக்டருக்குப் படிக்கிறாரா, வக்கீலுக்கா என்று யாராவது கேட்டால் அம்மா திணறிப்போவாள். கட்டடக்கலை என்று மாமா சொல்லிக்கொடுத்த சொல் அவள் நாக்கில் நிற்கவில்லை. கடைசியில், "வீடு கட்டுறதுக்குப் படிக்குது" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். கேட்ட சனங்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். வீடு கட்ட மேசன்பாஸ் இருக்கும்போது அதற்கு எதற்குக் கொழும்புப் பக்கம் போய் வருஷக்கணக்கில் படிக்க வேண்டும் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

எங்கள் தோட்டம் ஹேவாஹெட்டைப் பக்கம். கண்டியில் பஸ் ஏறினால் பாதி வழியிலேயே பனிமூட்டம் வந்து கண்ணாடியை மூடிவிடும். மாமா கடைசி வருஷம் படித்தபோது, லீவுக்கு அந்த பஸ்ஸில் ஒரு நீளமான அளவு நாடாவும் சுருட்டிய தாள்களுமாக வந்து இறங்கினார். பரீட்சைக்கு ஒரு பொதுக் கட்டடத்தை வரைந்து, அதற்கு மாடலும் செய்து காட்ட வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் நூலகம், ரயில் நிலையம், நீதிமன்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாமா எடுத்தது எங்கள் பிள்ளை மடுவம்.

கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத்தான் பிள்ளை மடுவம் என்று பெயர். நீளமான ஒரு கொட்டகை. தகரக் கூரை. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மழை வந்தால் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா தொட்டில்களை அவிழ்த்து ஒழுகாத மூலையாகப் பார்த்துக் கட்டுவாள். ஒழுகாத மூலை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. என் தம்பியும் அங்கேதான் தூங்கினான்.

பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டுவதற்காக மாமா ஒரு சனிக்கிழமை என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். தபால் கந்தோர், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் என்று அலைந்தோம். அவர் கூரைகளையே பார்த்துக்கொண்டு நடந்தார், நான் கடைகளைப் பார்த்தேன். "இதெல்லாம் யாருக்குச் சொந்தம் தெரியுமா? எல்லாருக்கும்" என்றார். எல்லாருக்கும் என்றால் டவுன்காரர்கள் எல்லாருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது தின்ன ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக விளங்கியது அது ஒன்றுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. "எது நடந்தாலும் இவள ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டிராதீங்க அக்கா."

"நான் ஏன் நிப்பாட்டப் போறேன்? தம்பிப்பயல பாத்துக்க மடுவம் இருக்கு. மடுவம் இருக்கங்காட்டி எனக்கென்னா கவல?" என்றாள் அம்மா.

எங்கள் லயத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். கீழே ஒரு குழந்தை பிறக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. அம்மாவும் அப்படி நின்றவள்தான். மடுவம் ஒழுகினாலும் அதுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

மாமாவின் யோசனை இதுதான். புதிதாக ஓர் ஆணிகூட வாங்கக்கூடாது. இருக்கும் மடுவத்தின் தகரம், மரம், கதவு, அதோடு பூட்டிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரின் சன்னல்கள், எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தி அதே இடத்தில் வெளிச்சமான ஒரு மடுவம். ஓரமாக, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு சன்னல் மேடை. எது உக்கிப்போனது, எது இன்னும் தாங்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தகரத்தையும் மரத்தையும் தட்டிப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதினார். சுண்ணாம்புக் கட்டியில் எழுதினால் மழை கழுவிவிடுகிறது என்று வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்.

அங்கேதான் பிசகியது. தோட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டால் அதற்கு ஒரே பொருள்தான். சவுக்கு மரத்தில் எண் விழுந்தால் அடுத்த வாரம் கோடாரி வரும். மலையடி லயத்துக் கதவுகளில் எண் விழுந்த மறு மாதம் அந்த லயமே இல்லை. மாமா அந்த மண்ணில் பிறந்தவர், அவருக்கும் இது தெரியும். ஆனால் கொழும்பில் படித்த வருஷங்களில் எண் என்பது அவருக்கு வெறும் எண்ணாகிவிட்டிருந்தது.

தொழிற்சங்கத் தலைவர் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவில் இருப்பவர். மாமா ஏணியில் நின்று எழுதுவதைப் பார்த்து விசாரித்தார். "இது பரீட்சைக்குங்க" என்று மாமா சொன்னார். அதில் பொய்யில்லை. தலைவர் அதை நன்றாக யோசித்துத் தனக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். நம்ம பிள்ளை புது மடுவம் கட்டிக் காட்டினால்தான் பாஸ் பண்ணும். பழையது நின்றுகொண்டிருந்தால் புதியதை எங்கே கட்டுவது? மாமா கொழும்புக்குப் போனதும் இதை லயம் லயமாகச் சொன்னார். மறுத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூலியில்லாமல் கூடி வேலை செய்யும் சிரமதானம் வைத்தார்கள். அதைப் போல் ஓர் ஒற்றுமையை அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் நான் பார்க்கவில்லை. சண்டைக்காரர்கள்கூட ஒரே ஏணியைப் பிடித்தார்கள். ஒரு தகரமும் நெளியாமல் இறக்கி, எண் வரிசைப்படி அடுக்கினார்கள். கிழவர்கள் உட்கார்ந்து ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி ஒரு டின்னில் போட்டார்கள். அம்மா எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டி ஊற்றினாள், தம்பியைப் பெற்றதற்குப் பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றுதான். பொழுது சாய்வதற்குள் மடுவம் போய், வெறும் சிமெந்துத் தரை கிடந்தது. நாங்கள் அதில் ஓடிப்பிடித்து விளையாடினோம்.

திங்கட்கிழமை தோட்டத்தை நடத்தும் துரை ஜீப்பில் வந்தார். யாருடைய உத்தரவு என்று கேட்டார். தலைவர் தகரத்தில் இருந்த எண்களைக் காட்டினார். தலைவரின் குரல் அன்று எவ்வளவு தாழ்ந்துபோனது என்பதை நான் மறக்கவில்லை. தோட்டத்துச் சொத்தை உடைத்ததற்குப் பொலிஸுக்குப் போகாமல் விடுகிறேன், அதுவே பெரிது என்று துரை சொல்லிவிட்டுப் போனார். சில வாரத்தில் தோட்டத்து நிர்வாகம் கை மாறியது. புதிய துரையிடம் போய்க் கேட்டதற்கு, தான் பொறுப்பெடுத்தபோது அங்கே அப்படி ஒரு கட்டடமே இருக்கவில்லை என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆயாவைப் புல்வெட்ட அனுப்பினார்கள்.

மழைக்காலம் தொடங்கியது. அடுக்கிவைத்த தகரங்களில் ஒன்று ஒரு காலையில் யாரோ வீட்டுக் கூரையில் இருந்தது. பிறகு இன்னொன்று. எல்லார் காம்பராவும்தான் ஒழுகியது, யாரை யார் குற்றம் சொல்வது? நாங்கள் சமைக்கும் குசினிக்கு மேலேயும் பதினேழாம் நம்பர் வந்து சேர்ந்தது, அப்பா ராத்திரியில் கொண்டுவந்தார். மரங்கள் அடுப்புக்குப் போயின. மாமா சொன்னபடியே ஓர் ஆணிகூட வீண்போகவில்லை.

"ரெண்டு நாளைக்குப் பாத்துக்க புள்ள" என்று அம்மா தம்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. ஒரு பிள்ளையைப் பார்க்கிறவள் இன்னொன்றையும் பார்க்கலாமே என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள். பிறகு அவளுடைய கொழுந்தியாள் கேட்டாள். எங்கள் காம்பராவில் மூன்று தொட்டில் ஆடியது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்தி ரிப்பன் தந்தாள், ஒருத்தி பிஸ்கட் தந்தாள். கணக்கு டீச்சரின் பிரம்பு இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். மடுவம் கட்டி முடியும்வரை எனக்கு லீவு என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

நடந்தது எதையும் மாமாவுக்குச் சொல்லக்கூடாது, பரீட்சைக்காரப் பிள்ளையின் மனம் கலங்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனவே அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்து, வகுப்பில் முதலாவதாக வந்து, மாடலை ஒரு பெரிய பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை வந்தார். பாதையில் முதலில் சிமெந்துத் தரையைப் பார்த்திருப்பார். பிறகு கூரைகளில் தன் கையெழுத்தை. எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது. நான் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைத் தொட்டிலிலும் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூலுக்குப் போகலயா?"

"லீவு மாமா. நீங்க மடுவம் கட்டுற வரைக்கும் லீவு."

"எவ்வளவு நாளா?"

"நெறைய நாளா" என்றேன், அது அவருக்குச் சந்தோஷமான செய்தி என்று நினைத்துக்கொண்டு.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் ஆசையாகப் பிரித்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையிலும் பிஸ்கட் டின்னிலும் செய்த மடுவம். அவ்வளவு அழகான வீடு ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கூரைக்கு நடுவே கண்ணாடி, உள்ளே நூலில் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். கட்டடம் எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக அட்டையில் வெட்டிய மனிதர்களையும் நிறுத்தியிருந்தார். சன்னல் மேடை ஓரத்தில், இரட்டைப் பின்னலும் முதுகில் புத்தகப் பையுமாக ஒரு பெண்பிள்ளை.

"இது யாரு மாமா?"

"நீதான்."

எனக்கு அதைத் தாங்கமுடியாத ஆசையாகிவிட்டது. தரச்சொல்லிக் கேட்டேன். மாமா அந்த அட்டைப் பெண்ணை மட்டும் நகத்தால் மெதுவாகப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டுமானால் மடுவம் முழுவதையும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடு என்றார். நான் அழுதேன், காலைப் பிடித்தேன், அவர் அசையவில்லை. அம்மா மலையிலிருந்து வரும்வரைகூட இருக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப்போனார். வாசலில் நின்று, "போய்ட்டு வாறேன் புள்ள" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் நெடுங்காலம் தோட்டத்துப் பக்கம் வரவே இல்லை. மாடலைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிய்த்துவிட்டார்கள். தம்பி வளர்ந்து பள்ளிக்கூடம் போனான், அவன் படித்து முடித்த புத்தகங்களை வருஷா வருஷம் நான் எடுத்துப் படித்தேன். அப்படித்தான் இவ்வளவாவது எழுத வந்தது.

ஓர் அட்டைப் பொம்மையைத் தராத கஞ்சன் என்று அன்று முழுவதும் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் நான் புத்தகப் பையோடு நிற்கப்போகிற இடம் அந்த மாடலின் சின்னச் சன்னலடி ஒன்றுதான் என்பது, வாசலில் என்னைப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு லீவு என்றுதான் தெரியும்.