நாத்தனார் எடுத்துப் போட்டுக்கொண்ட என் ஊசி

என் கணவரின் தங்கைக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவளைப் பிடிக்காது. எனக்கு நீரிழிவு வந்தபோது, "அண்ணி வாயைக் கட்டினாத்தானே" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தவள் அவள். டாக்டர் எழுதிக்கொடுத்த வாராந்தர ஊசியால் சர்க்கரை இறங்கி, உடம்பும் இளைத்ததும் அவள் பேச்சு மாறியது.

தன் மகள் கல்யாணத்துக்கு, சிங்கப்பூர்த் தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கிளமெண்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ரவிக்கை ஏறவே இல்ல, அண்ணி. அந்த ஊசி எனக்கும் ஒண்ணு போடுங்க லா."

"விளையாட்டா? சாப்பிட்டதும் குடல்ல சுரக்கிற ஹார்மோன் மாதிரி செஞ்ச பெப்டைட் மருந்து இது. இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயித்துல சாப்பாட்டை மெதுவா நகர்த்தும், மூளைக்குப் போதும்னு சொல்லும். நானே ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிச்சு மாசக்கணக்குல ஏத்தினேன். நீ முதல்ல டாக்டரைப் பாரு."

"கொடுக்க மனசில்லைன்னு சொல்லுங்க."

"ஆமா, மனசில்ல."

நான் குளிக்கப் போன நேரத்தில், ஃபிரிட்ஜில் இருந்த, மருந்து அடைத்த என் ஊசிப் பேனாவை எடுத்து, நான் போடும் முழு அளவையும் தன் வயிற்றில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் கணவர் போனில் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓயாத வாந்தி, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்.

நான் போனபோது அவள் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "உங்க மருந்து என்னைக் கொல்லப் பார்த்துச்சு" என்றாள்.

"திருடிப் போட்டது யாரு?"

"இப்ப இதைப் பேசணுமா?" என்றார் கணவர்.

"வேற எப்பப் பேசுறது?"

தமிழ் நர்ஸ் ஒருவர் உள்ளே வந்தார். மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகும், அதுவரை வாந்தியைக் கட்டுப்படுத்தி நீர்ச்சத்து ஏற்றத்தான் முடியும் என்றார். என்னிடம், அந்தப் பேனாவை இனித் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

"நான் ஊசி முனைய மாத்திட்டுத்தானே போட்டேன்" என்றாள் அவள்.

"மாத்தினாலும் ஊசி போடுறவங்க ரத்தம் பேனாவுக்குள்ள போயிருக்கலாம்மா. ஒருத்தர் பேனாவை இன்னொருத்தர் தொடவே கூடாது. அதனால நீங்க ரத்த டெஸ்ட் பண்ணிக்கணும்."

அவள் முகம் சுருங்கியது. "அண்ணிக்கு என்னென்ன வியாதி இருக்கோ!"

அவளை அறைந்துவிடுவேனோ என்று பயந்து, வாசலுக்கு வந்து நின்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ரத்தத்திலும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் புதுப் பேனா வாங்க அலைச்சல். தையல்காரர் ரவிக்கையைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் உடல்நலம் விசாரித்தபோது, "அண்ணி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல" என்றாள், நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே.

"சாப்பாடு இல்லம்மா. என் சர்க்கரை ஊசியைத் திருடிப் போட்டுக்கிட்டா" என்றேன். மேளம் நின்றிருந்த நேரம் அது, பலருக்கும் கேட்டது.

அவளிடம் மன்னிப்புக் கேள் என்று கணவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கேட்கப்போவதில்லை.