படலை எந்தப் பக்கம்

மடத்துவெளியில் எங்கள் வளவில் அலவாங்கைப் போட்டால் ஒரு சாணுக்குக் கீழே கல். ஓய்வு பெற்றுக் கொழும்பிலிருந்து வந்த முதல் வருடத்தை அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியே கழித்தேன். மறு வருடம் ஆவணியில், இறுப்பிட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு கமக்காரரிடம் சைக்கிளில் போனேன். என்னைவிட மிக இளையவர். அவருடைய காணி நீளமானது. ஒரு தலைப்பில் வீடும் கிணறும் வாசலில் வெளிப்படலையும். மறு தலைப்பு ஆட்கள் போய் வரும் ஒழுங்கையைத் தொடும். அந்த மூலை சில வருடங்களாக விதைப்பில்லாமல் கிடந்தது. அதில் கத்தரியும் வெண்டியும், எப்படி வளரும் என்று பார்க்கும் ஆசையில் கொஞ்சம் சாமையும் போடலாமா என்று கேட்டேன்.

“விக்கவோ?”

“இல்லைத் தம்பி. சும்மா விருப்பத்துக்கு.”

“விருப்பத்துக்கு வெயிலுக்குள்ள நிக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்” என்று சிரித்தார். “குத்தகை ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஆனா மரம் வைக்கக் கூடாது.”

எது மரம் என்பதை அறிந்துவிட வேண்டும் போலிருந்தது. “முருங்கை?”

“மரம்.”

“வாழை?”

சிறிது யோசித்தார். “அது குட்டி போட்டுக்கொண்டே போகும். மரத்திலயும் மோசம்.”

“பப்பாசி?”

“அண்ணை, நீங்கள் தோட்டம் செய்ய வந்தனீங்களோ, வழக்குப் பேச வந்தனீங்களோ?”

காரணம் எனக்குத் தெரியாததல்ல. மரத்தை வைத்தவருடைய பிள்ளைகள் ஒரு நாள் வந்து அதன் நிழலில் நிற்பார்கள். பிறகு நிலத்தில் நிற்பார்கள். எங்கள் பக்கத்துக் காணி வழக்குகளில் பல இப்படித் தொடங்கியவைதான். ஒரு மாரியோடு பட்டுப்போகும் எதையும் நடலாம் என்று எங்களுக்குள் முடிவாயிற்று.

புரட்டாதியில் கத்தரி நாற்றுகளை நட்டேன். இரண்டாம் கிழமையே கட்டாக்காலி மாடுகள் வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போயின. “வேலி போடாமல் ஏலாது” என்றவர், தன் எல்லை வேலியிலிருந்தே கிளுவைக் கதியால்களை வெட்டித் தந்தார். ஐப்பசியின் முதல் மழைக்கு இருவருமாக நட்டோம். ஒழுங்கைப் பக்கமும் எல்லைப் பக்கமும் முன்பே பழைய வேலி இருந்தது; காணிக்குள்ளே இரண்டு பக்கம்தான் புதிதாக வேண்டியிருந்தது. நான் போய் வரும்போது வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதென்று பழைய வேலியில் ஓரிடத்தைப் பிரித்து, ஒழுங்கையைப் பார்த்து ஒரு சின்னப் படலை வைத்தோம். அந்த யோசனை என்னுடையது. அவரும் நல்லதென்றார். அதே கிழமை உள்ளே சாமையும் விதைத்தேன்.

கார்த்திகையில் கதியால்கள் துளிர்த்தன. எந்த நாளில் எந்தக் கதியால் துளிர்த்தது என்று தினமும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். கடல் பக்கத்துக் கதியால்கள் பிந்தின. உப்புக் காற்றாக இருக்கலாம், வெட்டிய கொப்பின் வயதாகவும் இருக்கலாம், இன்றுவரை தெரியவில்லை.

மார்கழி நடுவில், கத்தரி காய்க்கத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், கமக்காரரும் அவருடைய தங்கையும் தோட்டத்துக்கு வந்தார்கள். தங்கை தையல் படிப்பிப்பவர். வந்ததும் வராததுமாக, “என்ன அண்ணை, காணி வசதியா இருக்கோ? உங்கடை பேரில உறுதி எழுதியாச்சோ?” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமையன்தான் சொன்னார். தங்கைக்கு நயினாதீவில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். இந்தக் காணி முழுவதும் சீதனம் என்பது பேச்சு. மாப்பிள்ளையின் தாய்மாமன் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் வழியில் இந்த ஒழுங்கையால் வந்திருக்கிறார். காணியின் நடுவே பச்சை வேலியும் புதுப் படலையும் கண்டு தேத்தண்ணிக்கடையில் விசாரித்திருக்கிறார். “அது கொழும்புப் பென்சன்காரர் ஒராள் வாங்கிட்டாராம்” என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள்.

“நேற்று ராத்திரி போன் எடுத்தவர்” என்றார் கமக்காரர். “மூலையை வித்துப்போட்டு மிச்சத்தைக் காட்டுறியளோ எண்டு கேட்டார். வெள்ளிக்கிழமை நேர பாக்க வாறாராம். அதுவரைக்கும் பேச்சு நிக்குது.”

“நாளைக்கே வேலியைப் பிடுங்கிவிடுவோம்” என்றேன்.

“பிடுங்கினா குழி இருக்கும்” என்றார் தங்கை. “அவர் வாறாரெண்டு ஒளிச்சுப்போட்டினம் எண்டு அதுக்கும் ஒரு கதை வரும்.”

“அப்படியென்றால், காணியில் எனக்கு உரிமை இல்லை என்று எழுதித் தருகிறேன்.”

“ஐயோ, வேண்டாம்!” என்றார் தமையன். “எழுதினா மெய்யாவே ஏதோ இருக்கெண்டு நினைப்பினம்.”

தங்கை வேலி ஓரமாக நடந்து போய்ப் படலையடியில் நின்றார். அதைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி, அங்கிருந்து எங்களைப் பார்த்தார்.

“வேலியில பிழையில்லை. படலைதான் பிழை. ஒழுங்கையைப் பாத்துப் படலை இருந்தா அது தனிக் காணி. எங்கடை முத்தத்தைப் பாத்து இருந்தா, ஆட்டுப்பட்டி மாதிரி இதுவும் எங்கடை வளவுக்குள்ள ஒரு அடைப்பு. அவ்வளவுதான்.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார் தமையன்.

“என்னட்டை ஆர் கேட்டது?”

அன்றைக்கே ஒழுங்கைப் பக்க இடைவெளியைப் பனைமட்டையால் அடைத்தோம். உள்வேலியில் மூன்று கதியால்களைக் கிளப்பி, வீட்டு முற்றத்தைப் பார்த்துப் படலையை மாட்டினோம். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் தூரமும் குறைந்தது.

அதன்பின் சில நாட்களுக்கு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் படலைகளைப் பார்த்தேன். ஒரு வேலியில் இரண்டு படலைகள் அருகருகே இருந்தால், உள்ளே பங்கு பிரிந்த சகோதரர்கள் இருக்கிறார்களோ? நடுவில் மட்டும் மட்டை புதிதாக இருந்தால், அங்கே ஒரு படலை இருந்து மூடப்பட்டதோ? மூடியது எந்த வருடம்? யார் யாரோடு சேர்ந்தார்கள்? இவ்வளவு காலமும் வேலிகளை ஓலையும் தடியுமாகவே பார்த்து வந்திருக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலும், “ஆரைத் தேடுறியள்?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

வெள்ளிக்கிழமை காலைப் படகில் தாய்மாமன் வந்தார். கையில் குடை, நல்ல உயரம். நான் சாமைக்குள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஒழுங்கையில் நின்று வேலியை மேலும் கீழும் பார்த்தார். போன தடவை கண்ட படலையைத் தேடினார் என்று நினைக்கிறேன். அந்த இடத்து மட்டையைக் குடையால் தட்டினார்.

“உள்ளுக்கு நிக்கிறது ஆர்?”

“பென்சன்காரர்” என்றேன்.

“நீங்கள் எப்பிடி உள்ளுக்கு வாறனீங்கள்?”

“இவர்களுடைய வளவுக்குள்ளால்தான். கிணற்றடியால் சுற்றி.”

“அவை வெளிப்படலையைப் பூட்டினால்?”

“உங்களைப் போல நானும் ஒழுங்கையில்தான் நிற்க வேண்டும்.”

அவர் முகம் இளகியது. சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கத்தால் உள்ளே வந்தார். கமக்காரரும் தங்கையும் பின்னால் வந்தார்கள். யாரும் விற்றது வாங்கியது பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவர் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்தார். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். பிறகு என் சாமையின் நடுவில் போய் நின்று குடையை நீட்டினார்.

“வீடு இந்தத் தலைப்பிலதான் வரவேணும். ஒழுங்கை கிட்ட. குசினி இதில இருந்தா நல்ல காத்து வரும்.”

சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்பது அந்தக் குடை நீட்டலில் எல்லோருக்கும் விளங்கிற்று. கமக்காரர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. தங்கை மட்டும் என்னைப் பார்த்தார்.

“அத்திவாரம் எப்போது?” என்று கேட்டேன். நாளையும் மாதத்தையும் கேட்காமல் எனக்கு இருக்க முடியாது.

“வைகாசியில நாள் பாப்பம்” என்றார் தாய்மாமன்.

கமக்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “அண்ணை, இனி இது அவளின்ரை காணி. அவளைத்தான் கேக்கவேணும்.”

கேட்டேன். “தங்கச்சி, தையில் சாமையை வெட்டிவிடுவேன். வைகாசி வரை நிலம் சும்மா கிடக்குமே?”

அவர் விரல் மடித்து மாதங்களைப் பார்த்தார். “பயித்தை போடலாம். பங்குனிக்குள்ள ஆய்ஞ்சு முடியும். ஆனா கொடி படர நடுற தடி காய்ஞ்ச தடியா இருக்கவேணும். மாமா போற வாற வழி.”

மாமா பலமாகச் சிரித்தார்.

தை நடுவில் சாமை வெட்டினேன். ஒரு சுளகு நிறையக்கூட வரவில்லை. குருவிகள் நிறையத் தின்றிருந்தன. சமையலறை வரப்போகும் அந்த இடத்தைக் கொத்தி, பயிற்றை விதையை ஊன்றினேன். அன்று தண்ணீர் இறைத்துத் தந்தவர் தங்கைதான்.